கண்மாய்த் தண்ணீர் ஏறும் நிலத்துக்கு எந்த மரம்? நீர்மருதா, நாவலா, புங்கனா, கடம்பா?

கண்மாய் உள்வாயை, அதாவது தண்ணீர் தேங்கும் உட்பக்கத்தை, ஒட்டி ஒன்றரை ஏக்கர் பட்டா. ஐப்பசியில் தண்ணீர் ஏறினால் தை பிறக்கும்வரை வடியாது. நெல்லும் தேறுவதில்லை, உளுந்தும் தேறுவதில்லை. மரம் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தாயிற்று. எந்த மரம்?

சோழவந்தான், மேலூர், திருப்புவனம் பக்கமெல்லாம் இந்தக் கேள்வி உண்டு. நாற்றங்கால்காரர் கடம்பு என்பார். பக்கத்து வயல்காரர் புங்கன் என்பார். வீட்டுப் பெரியவர் மருதமரத்தைச் சொல்வார். ஆடி மாதம் நாவல்பழம் விற்கும் விலையைப் பார்த்தவர் நாவலை விட மாட்டார். நான்குமே ஆற்றோரத்தில் வளரும் மரங்கள்தாம். ஆனால் மதுரை வட்டாரத்து ஆற்றோரம் ஒரு தினுசு. மூன்று மாதம் சேறு, ஆறு மாதம் காய்ச்சல். இங்கே வைக்கும் கன்றுகளில் தண்ணீரில் அழுகிப் போவதைவிடச் சித்திரை, வைகாசியில் கருகிப் போவதுதான் அதிகம். 'தண்ணீர் தாங்குமா' என்று மட்டும் கேட்டு மரத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறோம்.

## எதை வைத்து முடிவு செய்வது

தண்ணீர் எத்தனை நாள், எவ்வளவு உயரம். ஞாபகத்தை நம்ப வேண்டாம். நிலத்தில் நிற்கும் பனையிலோ கல்தூணிலோ வண்டல் படிந்த கோடு இருக்கும். அதுதான் உயரக் கணக்கு. நாள் கணக்குக்கு ஒரு மழைக்காலம் முழுக்க, அடிக்கு ஒரு கோடு போட்ட மூங்கிலை நட்டு வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். ஓடும் தண்ணீரா தேங்கும் தண்ணீரா என்பதையும் எழுதுங்கள். மறுகால் (கண்மாய் நிரம்பி வழியும் தண்ணீர்) பாயும் ஓடைக் கரையில் இரண்டு வாரம் ஓடும் தண்ணீர் வேருக்குக் காற்றோடு வருகிறது. உள்வாயில் இரண்டு வாரம் தேங்கும் தண்ணீரில் அந்தக் காற்று இல்லை.

சித்திரையில் ஈரம் எத்தனை அடியில். பலரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். சித்திரைக் கடைசியில் தென்னைக்குக் குழி போடும் மிஷினை வைத்து ஆறடி துளை போடுங்கள். கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கிற மண் நாலடிக்குள் வந்தால் நல்ல இடம். ஆறடியிலும் பொலபொலவென்று உதிர்ந்தால், மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அது வறண்ட நிலம்தான். 1959-இல் வைகை அணை வந்த பிறகு ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்களைத் திறப்புதான் தீர்மானிக்கிறது; ஆற்றங்கரை என்பதற்காக அடியில் ஈரம் இருக்கும் என்று நம்ப முடியாது. பெரியாறு பாசனக் கால்வாய்க்குக் கீழே இருக்கும் சில நிலங்களில் கசிவு ஈரம் மாசிவரை நிற்கும். ஆற்றோரத்தைவிட அது மேல்.

உவர், களர், அதாவது உப்பும் காரமும் ஏறிய மண். தண்ணீர் வடிந்து காயும்போது மாசியில் மேல்மண் வெள்ளை பூத்தால் கவனிக்க வேண்டும். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் மண்ணைக் கொடுத்துக் கார அமில நிலையும் உப்பின் அளவும் பார்த்துவிடுங்கள். மேல்மண் மட்டும் போதாது. இரண்டடி ஆழத்து மண்ணைத் தனிப் பையில் கொண்டுபோக வேண்டும்.

முதல் காசு எந்த ஆண்டு, வேலைக்கு ஆள் யார். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை ஊருக்கு வருபவரும், தினமும் தோட்டத்தில் நிற்பவரும் ஒரே மரத்தை வைக்க முடியாது.

| | நீர்மருது | நாவல் | புங்கன் | வெள்ளைக் கடம்பு |
|---|---|---|---|---|
| தேங்கும் தண்ணீர் | நுனி மூழ்காதவரை வாரக்கணக்கில் தாங்கும் | வளர்ந்த மரம் தாங்கும், இளங்கன்று தாங்காது | நன்றாகத் தாங்கும் | ஓடும் வெள்ளம் சரி, தேங்கினால் சுணங்கும் |
| கோடை வறட்சி | முதல் 3 கோடைக்குத் தண்ணீர் வேண்டும் | காய்ப் பருவத்தில் தண்ணீர் வேண்டும் | நான்கிலும் மேல் | நான்கிலும் மோசம் |
| உவர், களர் | தாங்கும் | ஓரளவு | நன்றாகத் தாங்கும் | ஆகாது |
| முதல் வருமானம் | பட்டை 15 ஆண்டுக்கு மேல், தடி 25–30 | ஒட்டுக்கன்று 4–6, விதைக்கன்று 8–10 | தழை 3, காய் 5–7 | தடி 8–10 |
| இடைவெளி, ஏக்கருக்கு | 5 மீட்டர், 160 | 8 மீட்டர், 63 | 5 மீட்டர், 160 | 4 மீட்டர், 250 |
| ஆள் வேலை | குறைவு | மிக அதிகம் | காய் பொறுக்க மட்டும் | முதல் 3 ஆண்டு அதிகம் |

## நீர்மருது

மருத நிலத்துக்கே பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் மரம். வைகைத் துறையைச் சங்கப் பாட்டு 'திருமருத முன்துறை' என்கிறது. அந்தப் பெயரே இப்போது கன்று வாங்குபவருக்குச் சிக்கலாகிவிட்டது. நீர்மருது, வெண்மருது என்பது சாம்பல் வெள்ளையில் வழவழப்பான பட்டையுள்ள மரம். கருமருது மலைக்காட்டு மரம். முதலைத் தோல் மாதிரி வெடித்த பட்டை. பூமருது என்பது ஊதாப் பூ பூக்கும் வேறு குடும்பத்து மரம். கன்றாக இருக்கும்போது பட்டை காட்டிக்கொடுக்காது. இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு சேரும் இடத்தில் கடுகு மாதிரி இரண்டு சுரப்பிகள் இருக்கும். பூமருதில் அது இருக்காது. கருமருதிலும் சுரப்பி உண்டு என்பதால், கன்று எந்தத் தாய்மரத்து விதை என்று கேட்டு வாங்குவது நல்லது. தாய்மரத்தின் காய்க்கு ஐந்து கடினமான இறக்கை இருக்க வேண்டும்.

விதையிலிருந்தே எழுப்புகிறவர்கள் பங்குனி, சித்திரையில் உதிரும் பழுப்புக் காயைப் பொறுக்கி, இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பாத்தியில் போடுவார்கள். முளை ஒரே நாளில் வராது. பத்து நாளில் சில, இரண்டு மாதம் கழித்துச் சில என்று வரும். பாதிக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. பாத்தியை அவசரப்பட்டுக் கலைத்துவிட்டு 'விதை சொத்தை' என்று சொல்வதுதான் வழக்கமாக நடக்கிறது.

இந்த மரத்தின் பலம், நிலம் வைக்கும் எந்தச் சோதனையிலும் சறுக்காமல் நிற்பது. தண்ணீரையும் தாங்கும், களரையும் தாங்கும், வேர் ஈரத்தைத் தொட்டுவிட்டால் கோடையையும் தாண்டும். ஓடைக் கரை அரிப்பைப் பிடிப்பதில் இதற்கு ஈடு சொல்ல மற்ற மூன்றும் இல்லை. கரையின் தண்ணீர்ப் பக்கம் இரண்டு வரிசை, ஒரு வரிசையின் இடைவெளியில் அடுத்த வரிசைக் கன்று வரும்படி நட்டால் பத்தாண்டில் வேர்கள் பின்னிக்கொள்ளும்.

மறைந்திருக்கும் செலவு காலம்தான். இருபத்தைந்து ஆண்டுக்குத் தடி என்றால், வைப்பவர் வெட்டப் போவதில்லை என்று வைத்துக்கொண்டே வைக்க வேண்டும். இடையில் வருமானம் என்று சொல்லப்படுவது பட்டை. அதில்தான் அதிக மரங்கள் வீணாகின்றன. மரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டை உரித்தால் அந்த மரம் செத்தது என்று பொருள். முறை இதுதான்: தடிமனான மரத்தில், சுற்றளவில் கால்பங்குக்கு மேல் போகாமல், மேலிருந்து கீழாக நீளவாக்கில் ஒரு பட்டி. வெளிப்பட்டையையும் நடுப்பட்டையையும் எடுத்து, கட்டையை ஒட்டிய மெல்லிய உள்பட்டையை விட்டுவிட வேண்டும். வெள்ளைக் கட்டை கண்ணில் பட்டால் ஆழம் போய்விட்டது. அந்த இடத்தில் கறையான் ஏறும். உரித்த இடம் மூடி வளர்ந்த பிறகுதான் எதிர்ப்பக்கத்தில் அடுத்த பட்டி. நிழலில் உலர்த்தி, மடக்கினால் வளையாமல் ஒடியும் பதத்தில் மூட்டை கட்டுங்கள். ஈரமாகக் கட்டினால் பூசணம் பிடிக்கும், வியாபாரி தரம் பிரித்தே தள்ளிவிடுவார். (மருதம்பட்டைக் கஷாயம் நெஞ்சுக்கு நல்லது என்று பெயர் பெற்றது. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிப்பது விபரீதம்.)

தடி கனமானது, உறுதியானது. வண்டிக்கும் படகுக்கும் கட்டுமானத்துக்கும் போனது. ஆனால் காயும்போது வெடிக்கும், முறுக்கும். வெட்டிய அன்றே இரண்டு முனைகளிலும் பழைய பெயிண்டோ கெட்டியான சாணமோ பூசி நிழலில் போட வேண்டும். அறுத்த பலகைகளுக்கு இடையில் ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்ற வேண்டும். வெயிலில் போட்டுவிட்டு 'மருதமரம் உதவாது' என்று சொல்லும் ஆசாரிகள் உண்டு.

வயல் வரப்பில் வைப்பதானால் வடக்கு வரப்பில் வையுங்கள். சம்பா காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே விழும். தெற்கு வரப்பில் வைத்தால் அந்த நிழல் உங்கள் நெல் மேல். வடக்கே பக்கத்து வீட்டுக்காரர் வயல் இருந்தால் முதலிலேயே பேசிவிடுவது உத்தமம்.

யாருக்கு: தண்ணீர் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் தாழ்ந்த பகுதி, கரை அரிப்பு, பிள்ளைகள் காலத்துக்கு என்று பொறுமை உள்ளவர்.

## நாவல்

காசு நாவலில்தான் முதலில் வரும், அதிகமாகவும் வரும். ஆனால் இது மரப்பயிர் இல்லை, பழத்தோட்டம். இந்த வித்தியாசம் புரியாமல் வைத்தவர்கள்தான் ஆடி மாதம் பழத்தை உதிரவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அழகர்மலைப் பழமுதிர்சோலையில் முருகன் ஔவையாரிடம் 'சுட்ட பழமா, சுடாத பழமா' என்று கேட்ட கதை தெரிந்ததுதான். உதிர்ந்த பழத்தில் ஒட்டிய மண்ணைத்தான் ஔவை ஊதினார். நாவல் விவசாயியின் பாடு இன்றைக்கும் அந்த மண்தான். உதிர்ந்த பழம் தோல் கிழியும், மண் ஒட்டும், மதியத்துக்குள் புளிக்கும். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போய் விலை பெற வேண்டுமானால் கையால் பறித்த, காம்புத் தழும்பு காயாத பழமாக இருக்க வேண்டும். சாதாரண வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். ஒரே மரத்தில் பழம் ஒன்றாகப் பழுக்காது. மூன்று நான்கு வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏற வேண்டும். கிளையோ சொல்லாமல் முறியும். இந்தக் கூலியைக் கணக்கில் எடுக்காமல் 'ஒரு மரத்துக்கு இவ்வளவு கிலோ, கிலோ இவ்வளவு' என்று பெருக்கிப் பார்ப்பது வெறும் காகிதக் கணக்கு.

அதனால் ஒட்டுக்கன்றை வாங்கி, மரத்தைப் பதினைந்தடிக்குள் தறித்து வைப்பதே வழி. பதினெட்டடி போனால் ஏணி எட்டாது. வெள்ள நிலத்தில் இன்னொன்று: ஒட்டுப்போட்ட இடம் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். அது வாரக்கணக்கில் நனைந்தால் அழுகி, மேலே இருக்கும் நல்ல ரகம் செத்துக் கீழே இருக்கும் நாட்டு வேர்ச்செடி துளிர்க்கும். கன்று தழைத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு ஆறு ஆண்டு தண்ணீர் ஊற்றியபின் கொட்டை பெருத்த புளிப்புப் பழம் காய்க்கும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை மாதம் ஒருமுறை கிள்ளிப் போடுங்கள்.

விதைக்கன்று போதும் என்பவர்கள் பழம் தின்ற கொட்டையை உடனே ஊன்ற வேண்டும். இரண்டு வாரம் காயவைத்தால் முளைப்புச் சக்தி போய்விடும். கொட்டை வியாபாரம் தனி: கழுவி, வெயிலில் உலர்த்தி, நாட்டு மருந்துக் கடைக்குப் போகும். உதிர்ந்த பழத்தின் நட்டத்தில் கொஞ்சம் அதில் திரும்பும்.

பழ ஈ, வௌவால், கிளி மூன்றுக்கும் பங்கு உண்டு. பழுக்கும் நேரத்தில் கோடை இடிமழை அடித்தால் பழம் வெடிக்கும். பூவெடுக்கும் மாசி, பங்குனியில் வறண்டு, காய் பெருக்கும் சித்திரை, வைகாசியில் தண்ணீர் இல்லையென்றால் பழம் கொட்டையும் தோலுமாக நிற்கும். கிணறு இல்லாத நிலத்தில் நாவல் வேண்டாம்.

யாருக்கு: நிலத்தின் மேட்டுப் பகுதி, கிணற்றுத் தண்ணீர், ஆனி ஆடியில் வீட்டு ஆட்களே பறிக்க முடிகிறவர்.

## புங்கன்

புங்கனை யாரும் ஆசைப்பட்டு வைப்பதில்லை. வேறு எதுவும் வராத இடத்தில் வைக்கிறார்கள். அங்கே அது வந்துவிடுகிறது. உவர், தேங்கல், வறட்சி மூன்றையும் தாங்குவதில் நான்கில் இதுவே முதல். வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்ப்பதால் கீழே இருக்கும் மண்ணும் தேறும்.

எண்ணெய் வித்து என்ற பேச்சில் மயங்க வேண்டாம். கொட்டையில் கால்பங்குக்கு மேல் எண்ணெய் இருப்பது உண்மை. ஆனால் விதைக்கன்றில் ஒரு மரம் பத்துக் கிலோ காய்த்தால் பக்கத்து மரம் ஒரு கிலோதான் காய்க்கும். காயைப் பொறுக்கி, அடித்து உடைத்து, செக்குக்குக் கொண்டுபோகும் கூலி, கொட்டை விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நெல் வயல் வைத்திருப்பவருக்கு இதன் உண்மையான மதிப்பு தழையும் புண்ணாக்கும். நடவுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தழையைப் போட்டு மிதித்தால் உரச்செலவு குறையும். புண்ணாக்கில் சுமார் 4 சதவீதம் தழைச்சத்து உண்டு, நூற்புழுவையும் கட்டுப்படுத்தும். மாட்டுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள், கசப்பும் நஞ்சும் உள்ளது.

தடி அடுப்புக்குத்தான். பூச்சி சீக்கிரம் துளைக்கும். வேரிலிருந்து துளிர்க்கும் பக்கக் கன்றுகள் வயலுக்குள் வரும். வருடம் ஒருமுறை உழவு ஓட்டி அறுக்க வேண்டும்.

யாருக்கு: வெள்ளை பூக்கும் மூலை, வேலியோரம், பக்கத்திலேயே நெல் வயல் உள்ளவர்.

## கடம்பு

மதுரைக்குக் கடம்பவனம் என்று பெயர். மீனாட்சியம்மன் கோயில் தலமரமும் கடம்பு. ஆகவே இந்த மண்ணுக்கே உரியது என்று சொல்லிக் கன்று விற்பது சுலபம். எந்தக் கடம்பு என்று கேட்க வேண்டும். சீக்கிரம் வளர்ந்து பிளைவுட்டுக்குப் போவது வெள்ளைக் கடம்பு: கன்றிலேயே ஒரு முழத்துக்குப் போகும் பெரிய இலை, எலுமிச்சை அளவு ஆரஞ்சு மஞ்சள் பூப்பந்து. கண்மாய்க் கரைகளில் தானாக வளர்வது நீர்க்கடம்பு: உள்ளங்கை அளவு இலை, நெல்லிக்காயைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் பூப்பந்து, மெதுவான வளர்ச்சி. பின்னதை நிழலுக்கும் கோயிலுக்கும் வைக்கலாம். பிளைவுட் ஆலை அதை வாங்காது.

வெள்ளைக் கடம்பு ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஈர மண்ணில் பாய்ந்து வளரும் மரம். மதுரையில் சராசரி மழை சுமார் 850 மில்லிமீட்டர். மிச்சத்தை நீங்கள் சொட்டுநீரில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மரம் சாகாது, அதைவிடக் கெட்டது நடக்கும். வைகாசியில் நுனி கருகும், ஆடிச் சாரலில் பக்கத்தில் இரண்டு துளிர் விடும், தண்டு கவட்டையாகும். ஆலைக்கு வேண்டியது உருளையாகச் சீவ எடுக்கும் நேரான, கணுவில்லாத தண்டு. கவட்டை மரம் விறகு விலைக்குத்தான் போகும். நுனி கருகிய ஆண்டே ஒரு துளிரை மட்டும் விட்டு மற்றதை வெட்டினால் ஓரளவு தப்பலாம்.

விற்கும்போது இன்னொரு இடி. வெட்டிய தடி சில நாளில் நீலம் பாயும், தரம் இறங்கும். பெரும்பாவூர் மாதிரி பிளைவுட் ஊர்கள் மலைக்கு அப்பால். 'டன்னுக்கு இவ்வளவு' என்று சொல்லும் விலை தோட்டத்திலா, ஆலை வாசலிலா? வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை யார் தலையில்? பட்டையோடு எடையா, உரித்தா? இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் 'திரும்ப நாங்களே வாங்கிக்கொள்வோம்' என்ற வாக்கை நம்பி ஐந்நூறு கன்று வைக்க வேண்டாம்.

யாருக்கு: கால்வாய்க் கசிவு ஆண்டு முழுக்க உள்ள வண்டல், வற்றாத கிணறு, ஒரு லாரி நிறையும் அளவுக்கு மரம் வைக்க இடம் உள்ளவர். மதுரை வட்டாரத்தில் அப்படிப்பட்ட நிலம் குறைவு.

## ஒன்றரை ஏக்கரை எப்படிப் பிரிப்பது

ஒரே மரத்தால் நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. தொடக்கத்தில் சொன்ன நிலம் மாதிரி ஒரு பக்கம் சரிந்திருந்தால், மேட்டு அரை ஏக்கரில் 30 ஒட்டு நாவல், தாழ்ந்த முக்கால் ஏக்கரில் 120 நீர்மருது, உவர் அடிக்கும் ஓரத்தில் 4 மீட்டருக்கு ஒன்றாக 20 புங்கன். முதல் மூன்று ஆண்டு மருதுக்கு இடையில் தை, மாசியில் தண்ணீர் வடிந்ததும், விளைந்தவரை லாபம் என்று உளுந்து விதைக்கலாம். தண்ணீர் நான்கு மாதத்துக்கு மேல் நிற்கும் அடிப்பள்ளம் இருந்தால் அங்கே நாட்டுக்கருவேல். ஆட்டுக்கு நெற்று, அடுப்புக்கும் கரிக்கும் கட்டை. சீமைக்கருவேலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நடவு நேரத்தில்தான் பாதி மரம் பிழைப்பதும் போவதும். ஆவணி, புரட்டாசியில் ஓரடிக் கன்றை வைத்தால் ஐப்பசியில் அது முழுக்க மூழ்கும். நுனி தண்ணீருக்கு மேல் இருக்கும் கன்று வாரக்கணக்கில் நிற்கும், முழுக்க மூழ்கிய கன்று அழுகும். கிணறு இருந்தால் தண்ணீர் வடிந்த தையில் நடுங்கள். அடுத்த ஐப்பசிக்குள் ஒன்பது மாதம் வளர்ச்சி கிடைக்கும். கிணறு இல்லையென்றால் புரட்டாசி மழையில், தண்ணீர்க் கோட்டைவிட ஓரடியாவது உயரமான கன்றாக வாங்கி வையுங்கள்.

குழி இரண்டடிக்கு இரண்டடி. எடுத்த மண்ணோடு இரண்டு கூடை மக்கிய குப்பை கலந்து நிரப்பி, தரைக்கு மேல் ஒன்றரை அடி மேடு கட்டி, மேட்டின் தலையில் கன்று. பாலித்தீன் பையின் அடியை ஒரு அங்குலம் அறுத்து எறியுங்கள். அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளையும் சேர்த்து அறுக்க வேண்டும். சுருண்ட வேரோடு வைத்த மரம் ஐந்தாம் ஆண்டு நனைந்த மண்ணில் காற்றடித்தால் அப்படியே சாய்ந்துவிடும். வெள்ளத்தின் போக்குக்கு எதிர்ப்பக்கம் ஒரு மூங்கில் குச்சி ஊன்றி, சணலில் எட்டுப் போட்டுக் கட்டுங்கள். முதல் இரண்டு கோடைக்கு, மருதுக்கு மட்டும் மூன்று கோடைக்கு, வாரம் ஒருமுறை கன்றுக்கு 15 முதல் 20 லிட்டர்.

கடைசியாக, எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டு நடுங்கள். கண்மாய்க் கரையும் உள்வாயும் புறம்போக்கு. அங்கே நீங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரமும் அரசாங்கத்துக்குத்தான் சொந்தம். பட்டாவில் வைத்ததை, எத்தனை மரம், எந்த மரம், எந்த ஆண்டு என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு வெட்டி லாரியில் ஏற்றும் நாளில் வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேட்கும் தாள் அதுதான்.